சான்றிதழ்ப் பெட்டி தொகுப்பேடு ஆகாது

உயர்கல்விக் கருத்தரங்குகளில் இன்று மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று இ-போர்ட்ஃபோலியோ. தமிழில் மின்தொகுப்பேடு எனலாம். வாழ்நாள் கற்றலுக்கு அது துணை, ஒரு தொழிலை விட்டு மற்றொன்றுக்குச் செல்வோர்க்கு அது பாலம் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. சொன்ன கையோடு, டிஜிலாக்கர் இருக்கிறது, அபார் எண் இருக்கிறது, ஆகவே மாணவரிடம் மின்தொகுப்பேடும் இருக்கிறது என்ற முடிவும் எட்டப்படுகிறது. இம்முடிவு பிழையானது. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழர்களை முன்னிறுத்திப் பார்த்தால், அது அநீதியும் ஆகும்.

டிஜிலாக்கர் 2015-இல் வந்தது. கல்வி மதிப்பெண் வங்கிக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2021-இல் வெளியாயின. அபார் எண்ணும் தேசிய கிரெடிட் கட்டமைப்பும் 2023-இல் அறிமுகமாயின. இவை பயனுள்ளவை. ஆனால் இவற்றுள் இடம்பெறுபவை யாவும் பிறர் வழங்கியவை: பல்கலைக்கழகம் தந்த பட்டம், வாரியம் தந்த மதிப்பெண், நிறுவனம் தந்த சான்று. தொகுப்பேட்டின் இயல்பு வேறு. கற்பவர் தாம் செய்தவற்றிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுக்கிறார். அதை ஏன் தெரிந்தெடுத்தார், செய்யும்போது எங்கே தடுமாறினார், எப்படித் திருத்திக்கொண்டார் என்று தம் சொற்களில் விளக்குகிறார். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும் 1980-களில் எழுத்துத்திறன் தேர்வுக்கு மாற்றாகத் தொகுப்பேட்டைக் கொண்டுவந்தபோது, ஒரே அமர்வில் எழுதும் தேர்வைக்கொண்டு ஒருவரின் எழுத்தாற்றலை அளக்க இயலாது என்பதே அவர்களின் வாதமாக இருந்தது. கணினி பிற்பாடு வந்து சேர்ந்த கருவி. தெரிந்தெடுத்தலும் சிந்தித்து விளக்கலும் இல்லாவிடில், எஞ்சுவது இரும்புப் பெட்டிக்குப் பதிலாக வந்த மின்பெட்டி மட்டுமே.

பெட்டியே தேவையில்லை என்பதன்று இதன் பொருள். 2018 ஆகஸ்ட் மழையில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடம் நிலச்சரிவுக்கு இரையானது. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின; லயங்களும் அவற்றுள் இருந்தவையும் மண்ணுக்கடியில் புதைந்தன. அத்தகைய மலையில் வாழ்பவருக்குத் தாள்களின் மின்படி ஒன்று பாதுகாப்பாக இருப்பது ஆடம்பரம் அன்று. ஆயினும் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தொகுப்பேட்டைக் கொடுத்ததாகக் கணக்கெழுதுவதை ஏற்க இயலாது.

இப்பகுதியில் தொழில் மாற்றம் என்பதன் பொருளும் நகரத்து மேலாண்மை நூல்கள் சொல்லும் பொருளன்று. தேயிலைத் தோட்டத்தில் லயம் வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். அந்த வீட்டைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே படித்த மகனோ மகளோ தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்வதும் உண்டு. ஆக, வேறு தொழிலுக்குப் போக முடியுமா என்ற கேள்வி இங்கே குடியிருக்கும் கூரையைப் பற்றிய கேள்வி. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் நிலைமை வேறு வடிவம் கொள்கிறது: வேளாண்மை சுருங்கச் சுருங்க இளைஞர்கள் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் வேலை தேடிச் செல்கிறார்கள். பள்ளிச் சான்று ஒரு மாநிலத்தில், வேலை மற்றொரு மாநிலத்தில். தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னே, மற்றொன்றில் பின்னே, மூன்றாவதில் விரிந்து குடும்பப் பெயராக. தமிழ் எழுத்தில் ஒன்றாக இருக்கும் பெயர் மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களைப் பெற்றுவிடுகிறது. ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தினால்தான் அபார் எண் என்னும்போது, இந்த எழுத்துப் பிழைகளின் சுமை முழுவதும் மாணவர் தலையில் இறங்குகிறது.

எல்லைத் தமிழரிடம் உள்ள மிகப் பெரிய திறனுக்குச் சான்றிதழே இல்லை என்பது இதனினும் பெரிய குறை. மூணாறில் வளர்ந்த ஒரு பெண் வீட்டில் தமிழ் பேசுகிறாள். அலுவலகத்தில் மலையாளம் பேசுகிறாள். சுற்றுலாப் பயணியிடம் ஆங்கிலம் பேசுகிறாள். பாட்டியின் ஓய்வூதிய மனுவைத் தமிழில் கேட்டு, கிராம அலுவலகத்தில் மலையாளத்தில் விளக்கி, அங்கே சொன்ன பதிலை மீண்டும் தமிழில் கொண்டுவந்து சேர்க்கிறாள். நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் ஊராட்சிக்கும் விடுதித் தொழிலுக்கும் வேண்டிய மொழிபெயர்ப்பாற்றல் இது. அவளுடைய மதிப்பெண் பட்டியலில் இது எந்த வரிசையில் உள்ளது? எந்த வரிசையிலும் இல்லை. இரண்டு நிமிட ஒலிப்பதிவும், மொழிபெயர்த்த ஒரு விண்ணப்பமும், அதில் எந்தச் சொல்லுக்கு நேர்ச்சொல் கிடைக்காமல் திணறினாள் என்ற ஒரு பக்கக் குறிப்பும் கொண்ட தொகுப்பேடு அதைக் காட்டும். டிஜிலாக்கர் காட்டாது.

அவளுடைய தாயின் நிலை இன்னும் கடினமானது. கொழுந்தின் பருவமறிந்து பறிப்பது, கவாத்து வெட்டுவது, நாற்றுப் பராமரிப்பது, இலை நோயை முதல் புள்ளியிலேயே அடையாளம் காண்பது ஆகியவை இருபது முப்பது ஆண்டுகள் கைவழியே கற்றவை. அதே கைகள்தாம் 2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் மூணாறை நிறுத்தின. நாட்கூலி 232 ரூபாயாக இருந்த காலத்தில், போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள், பெரிய தொழிற்சங்கங்களை விலக்கி நிறுத்தி ஒன்பது நாள் போராடி, 20 சதவீதத்தைப் பெற்றார்கள். திரட்டுதல், பேசுதல், பேரம் நடத்துதல் என்று மேலாண்மைப் பட்டயங்கள் கற்றுத்தருவதாகச் சொல்லும் அத்தனையும் அங்கே நிகழ்ந்தன. அனுபவத்துக்கும் கிரெடிட் உண்டு என்கிறது தேசிய கிரெடிட் கட்டமைப்பு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற திட்டமும் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆனால் அனுபவத்தைச் சான்றாக மாற்றும் இடைப்படி எங்கே? அந்த இடைப்படிதான் தொகுப்பேடு. அது அப்பெண் பேசும் மொழியில் இல்லாவிட்டால் அவளுக்கு அது இல்லை என்றே பொருள்.

ஆகவே இதன் மையச் சிக்கல் மொழிதான். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம், மறுமொழியையும் அம்மொழியில் பெறலாம் என்று அது சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கடிதத்துக்கு உண்டான உரிமை, இன்று இணையப் படிவத்துக்கு இல்லையா? கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக 2025 ஆகஸ்ட் 21 அன்று அறிவிக்கப்பட்டது. பெருமைக்குரிய அறிவிப்புதான். அந்த எழுத்தறிவு எந்த மொழியில் என்ற கேள்வியையும் அந்தப் பெருமை தாங்கியாக வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்போர் ஐரோப்பாவைப் பார்க்கலாம். 2004-இல் தொடங்கி 2020-இல் புதுப்பிக்கப்பட்ட யூரோபாஸ் 20-க்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது. அவற்றுள் ஒன்று மால்டீஸ். அதைப் பேசுவோர் சுமார் 5 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் சுமார் 5 லட்சமே. பணமில்லை என்றும் சொல்வதற்கில்லை. நியூசிலாந்தில் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய மஹாரா என்னும் மின்தொகுப்பேட்டு மென்பொருள் கட்டற்றது. எந்த மொழிக்கும் அதில் மொழித்தொகுதி சேர்க்கலாம். ‘மஹாரா’ மாவோரி மொழிச் சொல். சிந்தித்தல் என்று பொருள். இல்லாதது தொழில்நுட்பமும் பணமும் அல்ல, செய்ய வேண்டும் என்ற எண்ணம்.

மறுப்புகள் சிலவற்றை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கேரளத்தில் வாழ்பவர் மலையாளம் கற்க வேண்டாமா என்பது முதலாவது. கற்க வேண்டும், எல்லைத் தமிழ்ப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிறருக்குக் காட்டும் பக்கத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமைக்கட்டும். ஆனால் தன் கற்றலைத் தானே ஆராய்ந்து எழுதும் பக்கத்தை அரைகுறையாகக் கைவந்த மொழியில் எழுதச் சொன்னால், மாணவர் சிந்திப்பதை விட்டுவிட்டு எங்கிருந்தோ எடுத்த வாய்பாட்டு வாக்கியங்களை நிரப்புவார். இன்று செயற்கை நுண்ணறிவு அந்த வேலையை நொடியில் முடித்துக்கொடுக்கும். அப்படிப்பட்ட தொகுப்பேட்டால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: ஏற்கெனவே உழைத்துக் களைத்தவரிடம் தம்மைத் தாமே விளம்பரப்படுத்தும் கூடுதல் வேலையைச் சுமத்துவதா? முதலாளி வேவு பார்க்க அது இன்னொரு சாளரம் ஆகாதா? ஆகக்கூடும். அதனால்தான் தொகுப்பேடு யாருக்கு உரியது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். கல்லூரியின் கணக்கில் திறக்கப்பட்டு, படிப்பு முடிந்ததும் மூடப்படும் தொகுப்பேட்டை வாழ்நாள் கற்றலின் துணை என்பது கேலிக்கூத்து. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது கண்காணிப்புக் கோப்பாகவே முடியும். எதை யாருக்குக் காட்டுவது, எதை அழிப்பது என்ற அதிகாரம் உரியவரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

தமிழ்த்துறைகளும் இதில் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ் உயர்கல்வி உண்டு. மின்தொகுப்பேடு கணினித் துறையின் பாடு, வேலைவாய்ப்புப் பிரிவின் பாடு என்று தமிழாய்வுலகம் ஒதுங்கி நிற்கிறது. தன் அனுபவத்தைத் தெளிந்த உரைநடையில் எழுதப் பழக்குவது மொழித்துறையின் பணி இல்லையென்றால் வேறு யாருடைய பணி? எல்லைத் தமிழரின் அவலம் பற்றி ஆய்வேடுகள் பெருகுகின்றன. அவர்களுள் ஒருவர் தம் திறனைத் தாமே எழுதிக்காட்ட உதவும் ஒரு வினாப்பட்டியல்கூட அவ்வேடுகளிலிருந்து பிறக்கவில்லையெனில், அந்த ஆய்வு யாருக்காக?

செய்ய வேண்டியவை தெளிவானவை. கேரளத்தில் 2024-இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பில் மூன்றாண்டுக்கு 133, நான்காண்டுக்கு 177 கிரெடிட்டுகள் உள்ளன. அவற்றுள் திறன் மேம்பாட்டுக்கான இடத்தில் தொகுப்பேட்டை வைத்து, அதைத் தமிழில் எழுதவும், தமிழறிந்த ஆசிரியர் மதிப்பிடவும் கோழிக்கோடு, மகாத்மா காந்தி பல்கலைக்கழகங்கள் வழிசெய்ய வேண்டும். படிப்பு முடிந்தபின் முழுத் தொகுப்பேட்டையும் மாணவர் தம்முடன் எடுத்துச்செல்லும் உரிமை எழுத்து வடிவில் உறுதியாக வேண்டும். தோட்டத் தொழிலாளரின் முன்கற்றல் மதிப்பீட்டில் ஒளிப்படமும் ஒலிப்பதிவும் சான்றாக ஏற்கப்பட வேண்டும். மதிப்பீட்டாளர் தமிழில் கேட்க வேண்டும். கல்லூரி வாசல் மிதிக்காதவர்க்கு எழுத்தறிவு இயக்கத்தின் சமநிலைக் கல்வி வகுப்புகளும் ஊர் நூலகங்களும் அக்ஷயா மையங்களும் உதவுமிடங்களாக வேண்டும். எஸ்டேட்டுகளில் சிக்னல் தேடி மேடேறும் நிலை உள்ளவரை, இணைப்பில்லாமலும் எழுதி, பிறகு பதிவேற்றும் வசதி வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை; பல்கலைக்கழகப் பாடக்குழுக்களின் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம். அந்தக் கூட்டங்களில் அமர்பவர்கள் அறிய வேண்டியது ஒன்றுதான்: லயத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கும் குடும்பம் ஒன்றுக்கு, மகளின் தொகுப்பேடு தமிழில் திறக்கிறதா இல்லையா என்பது, அவளும் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.