சொல்லில்லாத முகப்பு

இசைக்குச் சொல் இல்லையென்றால் பொருளும் இல்லை என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தமிழ் படித்தவர்களாகிய எங்களிடம் அது சற்றுக் கூடுதல். எந்தப் பண்ணைக் கேட்டாலும் பாடல் வரியைத்தான் முதலில் தேடுவோம். ஐரோப்பிய பரோக் காலத்துச் சின்ஃபோனியாவையும் நம் மல்லாரியையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த எண்ணம் ஆட்டம் காணும்.

சின்ஃபோனியா, ஓபராவின் கதை தொடங்குமுன் வாசிக்கப்பட்ட முகப்பிசை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லட்டி அதற்கு விரைவு, நிதானம், மீண்டும் விரைவு என்ற மூன்று பகுதி அமைப்பை நிலைப்படுத்தினார். மேலே வயலின்கள் பளிச்சென்று ஓட, கீழே செல்லோவும் ஹார்ப்சிகார்டும் இடையறாமல் உடன் நடக்கும். பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். பெரும்பாலும் அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் 1731இல் லைப்சிக் நகர மன்றப் பதவியேற்புக்கான கான்டாட்டாவில் பாக் அமைத்த சின்ஃபோனியாவைக் கேளுங்கள். தனி வயலினுக்குத் தாம் முன்பே எழுதியிருந்ததை ஆர்கனுக்கு மாற்றி, எக்காளங்களையும் முரசையும் சேர்த்திருக்கிறார். பாடகர் வாய் திறக்குமுன்பே விழா தொடங்கிவிடுகிறது.

காஞ்சியில் பங்குனிப் பெருவிழாவில் ஏகாம்பரநாதர் புறப்படும்போது மல்லாரி செய்வதும் இதைத்தான். ஐந்தே சுரங்கள் கொண்ட கம்பீரநாட்டை, சாகித்யம் கிடையாது. ஒரே உருவைத் தாளம் பிசகாமல் வெவ்வேறு காலங்களில் வாசித்துக் காட்டுவதிலேயே அதன் கம்பீரம் இருக்கிறது. தேர், தீர்த்தம், தளிகை என்று சடங்கு மாறினால் மல்லாரியும் மாறும். சுவாமி புறப்பட்டாயிற்று என்பது, தறிக்குழியில் மிதிபலகையில் கால் வைத்திருப்பவருக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே அடித்தளம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே ஒத்து ஒரே சுருதியில் அசையாமல் நிற்கும்.

1730களில் மிலான் நகரின் சம்மார்த்தினி சின்ஃபோனியாவை ஓபராவிலிருந்து பிரித்துத் தனி உருப்படியாக எழுதினார். அந்த வழியில்தான் பின்னாளில் ஹைடனின் சிம்பனிகள் வந்தன. அதுபோல மல்லாரியும் கோயிலைவிட்டு வெளியேறி மேடையில் பிழைக்கட்டும் என்கிறார்கள். பரதநாட்டிய நிகழ்ச்சிகளில் அது தொடக்க உருப்படியாகி வெகுகாலம் ஆகிறது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சின்ஃபோனியாவைக் கேட்டவர்கள் அன்றும் உட்கார்ந்திருந்தார்கள், இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாறியது அரங்கம் மட்டுமே. மல்லாரியின் நடையோ சீர்பாதம் தாங்குவோரின் நடை. தோளில் வாகனம் ஏறும் நேரமும் அது வாசல் கடக்கும் நேரமுமே அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. மேடையில் அந்த அளவை நடனம் தீர்மானிக்கிறது.

இதற்கிடையே பல கோயில்களில் மின்விசையால் தானாக அடித்துக்கொள்ளும் முரசும் மணியும் நுழைந்துவிட்டன. பூசை வேளைக்கு அவை ஒலி எழுப்பும், மறுக்கவில்லை. சுவாமிக்கு முன்னே வீதியில் நடக்க அவற்றுக்குக் கால் கிடையாது. மேடை இருக்கிறதே என்று ஆறுதல் கொள்பவர்கள், அடுத்த பங்குனியில் புறப்பாட்டு நேரத்துக்குக் கோபுர வாசலில் வந்து நிற்கட்டும். பிறகு பேசுவோம்.