புயலின் வழியை அறிவது எவ்வாறு?

புயல் எச்சரிக்கை கேட்டதும் இல்லந்தோறும் எழும் வினா ஒன்றே: "அது நம் பக்கம் வருமா?" செயற்கைக்கோள் எடுத்த படத்தில் புயல் தெளிவாகத் தெரியும்போது, அது செல்லும் வழியைக் கூறுவதில் என்ன கடினம் என்று கேட்போரும் உளர். இம்மாதம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

புயல் தானாக வழி வகுத்துக்கொண்டு செல்வதில்லை. ஆற்றோட்டம் சுழியை இழுத்துச் செல்வதுபோல, சூழ்ந்து வீசும் பெருங்காற்றோட்டங்களே அதனைப் பெரும்பாலும் இழுத்துச் செல்கின்றன. ஆகவே புயலை மட்டுமன்றி, அதற்கு வெகு தொலைவிலுள்ள காற்றையும் அளத்தல் வேண்டும். நடுக்கடலிலோ அளவைக் கருவிகள் மிகச் சிலவே.

இக்குறையை ஈடுசெய்வது செயற்கைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டுள்ள நம் இன்சாட் கோள்கள், இந்தியப் பெருங்கடலை இடைவிடாது படம்பிடிக்கின்றன. அடுத்தடுத்த படங்களில் ஒரே மேகத்திரள் எவ்வளவு நகர்ந்துள்ளது என்று கணித்தால், அவ்வுயரத்துக் காற்றின் வேகமும் திசையும் புலனாகும். மேகமற்ற இடங்களில் நீராவியின் நகர்வு அதே செய்தியைத் தரும். தாழ்வாகச் சுற்றிவரும் வேறு சில கோள்கள் கடற்பரப்பின்மீது ரேடார் அலைகளைச் செலுத்தி, நீர் எவ்வளவு கலங்கியுள்ளது என்பதைக் கொண்டு கடற்காற்றை அளக்கின்றன. இவ்வளவுகள் யாவும் கணிப்பொறியில் சேர்ந்து, வரும் நாட்களின் பாதையாக வெளிவருகின்றன.

ஆயினும் இன்றைய சிறு பிழை நாளை மறுநாள் பெரும் பிழையாகும். இதனாலேயே வரைபடத்தில் புயலின் பாதையைச் சுற்றி, போகப்போக விரியும் கூம்பு ஒன்று வரையப்படுகிறது. நடுக்கோடு நம் ஊரைத் தொடவில்லை என்று வாளாவிருத்தல் பெருந்தவறு. கூம்புக்கு வெளியேயும் காற்றும் மழையும் பரவக்கூடும் என்பதை மறத்தலாகாது.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12 அன்று அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே பைலின் என்னும் கடும்புயல் கரையைக் கடந்தது. மாண்டோர் நூற்றுக்கும் குறைவு. 1999-இலும் விண்ணில் செயற்கைக்கோள்கள் இருந்தனவே! இடைப்பட்ட ஆண்டுகளில் கணிப்பு கூர்மையடைந்தது. கடலோரங்களில் புகலிடங்கள் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சரிக்கையை ஏற்று ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் உரிய காலத்தில் பாதுகாப்பான இடம் சேர்ந்தனர்.

ஆகவே குடும்பத் தலைவர்களே, வெளியேறுமாறு அறிவிப்பு வந்தால், "கடைசி நேரத்தில் புயல் திரும்பிவிடும்" என்று காத்திராதீர். முதியோரையும் குழந்தைகளையும் பகலிலேயே அழைத்துச் செல்லுங்கள். புயல் திரும்பிச் சென்றால் நமக்கு ஓர் இரவின் உறக்கமே நட்டம். திரும்பாவிடில், பிழைத்த உயிர்கள் எத்தனை!