டூர் ஏஜென்ட் வேணுமா, வேண்டாமா மக்கா?

செமஸ்டர் டைம்டேபிள் நோட்டீஸ் போர்டுல ஏறின அன்னிக்கே, கிளாஸ்ல இன்னொரு டைம்டேபிளும் ரெடியாகிடும். அதாங்க, டூர்! மூணாறா, ஊட்டியா, கோவாவான்னு முதல்ல ஒரு பட்டிமன்றம். அதுக்குத் தீர்ப்பு வந்ததும் அடுத்தது ஆரம்பிக்கும். ஏஜென்ட்கிட்ட கொடுக்கலாமா, நாமளே பிளான் பண்ணலாமா?

'கையில போன் இருக்கு, ஏஜென்ட்டுக்கு எதுக்குலே தண்டம் அழணும்?' இது ஒரு கட்சி. 'நாற்பது பேரை நீ மேய்ப்பியாலே?' இது எதிர்க்கட்சி. ரெண்டு பேர் பேச்சுலயும் பாதி நியாயம் இருக்கு. ஆனா கேட்க வேண்டிய கேள்வியே வேற. நடு வழியில ஏதாவது சொதப்பினா, அதைச் சரி பண்றது யார் வேலை? ஏஜென்ட்டுக்கு நாம கொடுக்கிற காசு டிக்கெட் எடுக்கிறதுக்கு மட்டும் இல்ல மக்கா, அந்தத் தலைவலியைச் சுமக்கிறதுக்கும் சேர்த்துத்தான்.

தலைவலியே இல்லாத டூருக்கு ஏஜென்ட் வேண்டாம். நாலு பேரு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல சென்னை போய் சுத்திட்டு வர்றதுக்கு எதுக்கு ஆளு? ரயில் டிக்கெட்டை 60 நாளுக்கு முன்னாடியே எடுக்கலாம் (2024 நவம்பருக்கு முன்னாடி இது 120 நாள்). 'தட்கல்ல கன்ஃபார்ம் வாங்கித் தர்றேன்'னு யாராவது பந்தா விட்டா நம்பாதீங்க. 2025 ஜூலையில இருந்து, தட்கல் திறக்கிற முதல் அரை மணி நேரம் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டே புக் பண்ண முடியாது. ஆதாரை இணைச்சு வெச்சிருந்தா, அந்த அரை மணி நேரத்துல அவரைவிட நீங்கதான் கிங்!

இப்போ நாற்பது பேர், மூணு நாள், மூணாறுன்னு வெச்சுக்கோங்க. பஸ்ஸுக்குக் கேரளாவுல ஓட பெர்மிட் வேணும். பொண்ணுங்களுக்குத் தனி ரூம், கூட வர்ற சாருக்கும் மேடத்துக்கும் ரூம், ஒவ்வொரு வேளைக்கும் சாப்பாடு. இதுல ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் அவுட். ராத்திரி பதினோரு மணிக்கு மலைப்பாதையில பஸ் படுத்துக்கிச்சுன்னா, ஒரு போன்ல இன்னொரு பஸ்ஸை வரவழைக்கிற அண்ணாச்சி ஒருத்தர் வேணும். அவருக்குக் கொடுக்கிறது தண்டம் இல்ல.

கடல் தாண்டணும்னா கேட்கவே வேண்டாம். 2011 ஜூன்ல நம்ம தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் விட்டாங்க. ஊரே வாயைப் பிளந்தது. ஆனா அதே வருஷம் நவம்பரோட கப்பல் நின்னு போச்சு. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கினாங்க. சில நாள்லயே அதுவும் நின்னு, 2024 ஆகஸ்ட்லதான் திரும்ப ஓடுச்சு. இந்த மாதிரிப் பயணத்துக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட ஒண்ணு கேளுங்க. 'கப்பல் ரத்தானா, அந்தப் பக்கம் போட்ட ஹோட்டல் காசு திரும்ப வருமா?' இதுக்கு 'பார்த்துக்கலாம் தம்பி'ன்னு பதில் வந்தா, நீங்களும் வேற ஆளைப் பார்த்துக்கலாம்.

'எங்க ஆலோசனை இலவசம்'னு சில பேர் போர்டு வெச்சிருப்பாங்க. இலவசத்தோட கணக்கை நம்ம ஊருக்காரங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி தூத்துக்குடி - கொழும்பு கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில சும்மாவே ஏத்திக்கிட்டுப் போறேன், ஒரு குடையும் தர்றேன்னு இறங்கி வந்ததுன்னு சொல்வாங்க. அந்தக் குடைக்குப் பின்னால இருந்த கணக்கு, எதிராளியை ஒழிக்கிறது. இன்னிக்கு இலவச ஆலோசனைக்குப் பின்னால இருக்கிறது பெரும்பாலும் ஹோட்டல் தர்ற கமிஷன். கமிஷன் வாங்குறது தப்பில்ல. ஆனா கமிஷன் அதிகம் தர்ற ஹோட்டலும் நமக்குத் தோதான ஹோட்டலும் ஒண்ணாவே இருக்கணும்னு அவசியம் இல்லையே!

சரி, ஏஜென்ட் தேறுவாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிம்பிள். உங்க சொந்த ஊருக்கு ஒரு டூர் போட்டுத் தரச் சொல்லுங்க. 'முத்துக்குளிக்கிறதை நேர்ல காட்டுறேன்'னு சொன்னாரா? ஆள் காலி! தூத்துக்குடிக் கடல்ல பெரிய அளவுல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 'தீவுல போட்டிங், பிக்னிக்'னு அளந்தாரா? மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகள்ல வனத்துறை அனுமதி இல்லாம இறங்க முடியாது. அதுக்குப் பதிலா, 'ஜூலை 26-ல இருந்து ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமய மாதா கோவில் திருவிழா, ரூம் கிடைக்கிறது கஷ்டம், தேதியை மாத்துங்க'ன்னு சொன்னா அவர் விஷயம் தெரிஞ்ச ஆள். தெரிஞ்ச ஊர்லயே கப்ஸா விடுறவர், தெரியாத ஊருக்குப் போனா என்னெல்லாம் விடுவார்னு யோசிங்க.

பெரிய பேருன்னு மட்டும் பார்த்து நம்பிடாதீங்க. பேக்கேஜ் டூருக்கே முன்னோடி தாமஸ் குக். 1841-ல் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருந்து லாஃபரோவுக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி சுமார் 500 பேரை ரயில்ல கூட்டிக்கிட்டுப் போனார். அவர் பேர்ல வளர்ந்த பிரிட்டிஷ் கம்பெனி 2019 செப்டம்பர்ல திவாலாச்சு. (இந்தியாவுல அதே பேர்ல இருக்கிறது தனிக் கம்பெனி, அதுக்கு ஒண்ணும் ஆகலை.) சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகள்ல மாட்டிக்கிட்டாங்க. அங்க பேக்கேஜ் பயணிகளுக்குன்னு பாதுகாப்பு நிதி ஏற்பாடு இருந்தது. அரசாங்கமும் விமானம் அனுப்பி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்தது. நம்ம நாட்டுல மத்திய சுற்றுலா அமைச்சகம் டூர் ஆபரேட்டர்களுக்கு அங்கீகாரம் தருது. ஆனா அது விருப்பப்பட்டு வாங்கிக்கிறதுதான், கட்டாயம் இல்ல.

அதனால முழுப் பணத்தையும் முன்கூட்டியே தூக்கிக் கொடுக்காதீங்க. எந்த ஹோட்டல், எத்தனை ரூம், என்ன பஸ், ரத்து பண்ணா எவ்வளவு திரும்ப வரும்... எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. பணம் கம்பெனி கணக்குக்குப் போகட்டும், பில்லும் கைக்கு வரட்டும். ஹோட்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு, நம்ம பேர்ல ரூம் இருக்கான்னு கேட்டுக்குங்க. அப்படியும் ஏமாத்தினா, 1915-க்கு அடிங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்ச ரூபாய் வரைக்கும் உள்ள புகாருக்குக் கட்டணமே கிடையாது.

இதெல்லாம் ஓவர் சீன்னு தோணுதா? உங்க கிளாஸை ஒரு தடவை சுத்திப் பாருங்க. உப்பளத்துல வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுல படிக்கிற பிள்ளைங்க அங்க இருப்பாங்க. அவங்க வீட்டுல டூர் பணம்கிறது பல நாள் கூலி. அது போனா, அடுத்த டூருக்கு அவங்க வீட்டுல வாயே திறக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம். ஏஜென்ட் வேண்டாம்னு முடிவு பண்ணாலும் ஏஜென்ட் இல்லாம டூர் நடக்காது. உங்க கிளாஸ் ரெப்தான் அந்த ஏஜென்ட், அதுவும் சம்பளம் இல்லாம! எல்லாரும் செல்ஃபி எடுக்கும்போது, அவன் மட்டும் ஓரமா நின்னு டிரைவருக்கு போன் போட்டுக்கிட்டு இருப்பான். அவன் தலையில எல்லாத்தையும் கட்டுறதுக்கு முன்னாடி, 'உனக்கு ஓகேவா மச்சி?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவன் முழிச்சான்னா, அண்ணாச்சிக்கு போன் போட்டுடலாம்.