ஆக்கள் பார்க்கினம்

ஞாயிறு பூசையில் பிள்ளை வாங்கில் சரிந்து இருக்கிறது. அல்லது பின்னால் திரும்பிப் பார்க்கிறது, தம்பியின் காலை உதைக்கிறது. அம்மாவின் கை மெதுவாகப் போய்த் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளும். “ஆக்கள் பார்க்கினம், ஒழுங்கா இரு.” பரந்தனில் என்றாலும் கிளிநொச்சியில் என்றாலும் இந்த வசனம் ஒன்றுதான். இதைச் சொல்லாத பெற்றோர் நம்மில் யார்? நானும் சொல்கிறவன்தான்.

நற்கருணைப் பேழைக்கு முன்னால் இருந்துகொண்டு, ஒழுங்காக இருக்க நாம் பிள்ளைக்குக் கொடுக்கும் காரணம் பின்வாங்கில் இருக்கிற சனம். அந்தப் பேழைக்குள் இருக்கிறார் என்று நாம் விசுவசிக்கிறவர் பார்க்கிறாரா இல்லையா என்பது பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளை இதை எப்படி விளங்கிக்கொள்ளும்?

இரவுச் செப நேரம் போன் அடிக்கிறது. கனடாவில் இருந்து மாமி. “பிள்ளை, மாமிக்கு அந்தச் செபத்தைச் சொல்லிக் காட்டு.” பிள்ளை முழங்காலில் நின்று, கைகூப்பி, கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும். இடையில் ஒரு வரி விட்டுப்போனால் நாம் வாயசைத்து எடுத்துக்கொடுப்போம். மாமி கைதட்டுவா. மாமி போனை வைத்தபிறகு அந்த முழங்கால் இன்னும் ஒரு நிமிடம் நிலத்தில் நிற்கிறதா, அல்லது “சரி, போய்ப் படு” என்கிறோமா?

முதல் நன்மை வந்தால் சொல்லவே வேண்டாம். சட்டை எங்கே தைப்பது, மண்டபமா வீடா, கேக் எத்தனை தட்டு, வீடியோவுக்கு யார் என்று மூன்று மாதத்துக்கு முன்பே வீடு இரண்டாகிவிடும். பங்கிலே ஒரே நாளில் நன்மை எடுக்கிற மற்றப் பிள்ளைகளின் சட்டை என்ன துணி என்று விசாரித்து வைத்திருப்போம். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற பிள்ளைக்கு என்ன பயம், என்ன சந்தேகம் என்று விசாரிக்க மட்டும் நேரம் இராது. பூசை முடிந்ததும், படத்துக்காக அதைத் திரும்பவும் பீடத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்கவைக்கிறோம். முதலில் நின்றது யாருக்காக, இரண்டாவது முறை நின்றது யாருக்காக என்று அந்தப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியுமா?

நம்மைக் குறை சொல்லமுதல், நாம் எங்கேயிருந்து வந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனையிறவைச் சுற்றி வாழ்கிறவர்கள் 1991, 2000, 2009 என்று சண்டைகளை வைத்து ஆண்டுகளை ஞாபகம் வைத்திருப்பவர்கள். 2009இன் முதல் மாதங்களில் மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கரையோரமாக ஒதுக்கப்பட்டபோது, பங்கருக்குள் விளக்கில்லாமல் செபமாலை சொன்னோம். பக்கத்தில் இருக்கிறவரின் முகமே தெரியாது. யாருக்கும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அப்போது நம் வாயில் இருந்து வந்த செபத்தில் நடிப்பு இருந்ததா?

பிறகு மெனிக் பாம் முகாமில் கோப்பையோடு வரிசையில் நின்றோம். சோற்றுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. அப்படி நின்றவர்களுக்கு, ஒருநாளாவது ஊருக்கு முன்னால் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும் என்ற ஏக்கம் வராவிட்டால்தான் அதிசயம். வீடு, தோட்டம், கடை, நகை எல்லாம் போனபின் ஊருக்குக் காட்டுவதற்கென்று கையில் மிஞ்சியது பிள்ளை. நம்மில் பலருக்குப் படிப்பும் நடுவழியில் நின்றுபோனது. அந்த வலி எனக்குத் தெரியும். ஆனாலும் நாம் தொலைத்த மரியாதையை மீட்டுத்தரும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தது யார்? ஆமிக்காரனா, அரசாங்கமா?

தரம் 5 புலமைப்பரிசில் வருகிற ஆண்டில் நம் வீடுகளைப் பாருங்கள். விடியவும் ரியூசன், பள்ளி விட்டதும் ரியூசன். மறைக்கல்விக்கு “இந்த வருசம் மட்டும்” லீவு. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. அதற்கு மேலே ஒரு நேர்த்தி: பிள்ளை பாஸ் பண்ணினால் மடுவுக்கு வருகிறோம் மாதாவே. பிள்ளை பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைந்துபோனால், மடுப் பயணமும் இல்லை, வீட்டில் பேச்சும் இல்லை. மாதாவும் வெட்டுப்புள்ளி பார்க்கிறவ என்றுதானே அந்தப் பிள்ளை நினைக்கும்? “இப்பிடிப் படிச்சா யேசப்பா கோவிப்பார்” என்று நாம் வேறு சொல்லிவைத்திருக்கிறோம். நம்முடைய வெட்கத்துக்கு அவருடைய பெயர்.

2025 மார்ச்சில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை திறந்தபோது, பக்கற்றில் ‘ரஜ லுணு’ என்று சிங்களத்தில் பெயர் போட்டதற்கு நாம் கோபப்பட்டோம். நம் கடல், நம் வெயில், வெளியிலே வெந்து வேலை செய்வது நம் சனம், பெயர் மட்டும் வேறா என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதே நாம், முழித்திருந்து படித்த பிள்ளையின் பெறுபேற்றைப் பெயரும் படமுமாக முகநூலில் போட்டு, ‘எங்கள் கனவு நிறைவேறியது’ என்று கீழே எழுதுகிறோம். அது யாருடைய உழைப்பு, யாருடைய பெயருக்குப் போகிறது?

தருமம் செய்யும்போது வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்றும், செபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்றும் ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னதை நம் பிள்ளைகள் மறைக்கல்விப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். திருவிழா அன்று அதே பிள்ளைகள் ஒலிபெருக்கியில் கேட்பது, இன்ன நாட்டில் இருக்கிற இன்னாரின் குடும்பம் இத்தனை ஆயிரம் ரூபாய் என்பதை. பெயர் விட்டுப்போனால் அடுத்த நாள் சண்டை. (இதிலே பங்குச்சபையில் இருக்கிற நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) ஆனையிறவு ரயில் நிலையத்தை நாடு முழுவதும் பாடசாலைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கொடுத்த காசில் கட்டி 2016இல் திறந்தார்கள். தெற்கிலே எந்தப் பிள்ளை எவ்வளவு கொடுத்தது என்று நமக்குத் தெரியுமா? நிலையம் நிற்கிறது. ரயிலும் வருகிறது.

புனித யோசேவ் வாஸ் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது பிச்சைக்காரக் கோலத்தில். ஒல்லாந்தர் பிடித்துவிடுவார்கள் என்பதால் அந்த வேடம். அதைத் தாழ்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் 1711இல் கண்டியில் இறக்கும்வரை அவர் ஊர் மெச்ச எதையும் செய்யவில்லை. கண்டியில் அம்மை பரவி வீட்டாரே நோயாளிகளை விட்டு ஓடியபோது, அவர்களைக் கழுவித் துடைத்துச் சோறூட்டினார். புனிதர் பட்டம் கிடைத்தது 2015 ஜனவரி 14இல், முந்நூறு ஆண்டுக்கும் பிறகு. நம் பிள்ளைகளுக்கு அவருடைய பெயரை வைக்கிறோம். அவரைப்போல் யாரும் காணாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்தால், “போட்டோ எடுத்தியா?” என்று கேட்கமாட்டோமா?

பிள்ளையைப் பாராட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பாராட்டுங்கள். பாராட்டு இல்லாத வீட்டில் பிள்ளை வாடிப்போகும். எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. ஆக்கள் பார்க்கிறார்கள் என்று பயந்து வளர்கிற பிள்ளை, ஆக்கள் பார்க்காத இடம் எது என்றும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். குறைந்த புள்ளி வந்த தாளை மெத்தைக்குக் கீழே ஒளிப்பதில் அது தொடங்குகிறது. பதினாறு வயதில் அந்தப் பிள்ளை எதை ஒளிக்கிறது என்று நமக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தன் தோல்வியைக் கொண்டுபோய் வைக்க அதற்கு வீடும் இல்லை, கடவுளும் இல்லை. இருவரையும் புள்ளி போடுகிறவர்கள் ஆக்கிவிட்டோம்.

ஆகையால் பெற்றோரே, அடுத்த பெறுபேறு வருகிற நாளில், கனடாவுக்குப் போன் எடுக்கமுதல் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். புள்ளி கூடினாலும் போங்கள், குறைந்தாலும் போங்கள். மடுவுக்கு நேர்ந்திருந்தால் எந்தப் புள்ளிக்கும் போய் வாருங்கள். படம் எடுக்கவேண்டாம்.