சேர்க்கைக் கடிதத்தில் இல்லாத கணக்கு

கடந்த 2025 செப்டம்பர் மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் என் முன்னாள் மாணவி ஒருவர் லண்டனிலிருந்து அழைத்தார். திருச்சியில் எங்கள் கல்லூரியில் இளநிலை முடித்து, அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்காகச் சென்றிறங்கி அப்போது ஐந்து நாள்களே ஆகியிருந்தன. "சார், வீட்டிலிருந்து கேட்டால் நான் விடுதியில் இருப்பதாகச் சொல்லுங்கள்" என்றார். ஊரிலிருந்தபடியே வாட்ஸ்ஆப்பில் வந்த படங்களைப் பார்த்து, 600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 70 ஆயிரம் ரூபாய், முன்பணம் அனுப்பிப் பிடித்துவைத்த அறை அந்த முகவரியில் இல்லவே இல்லை. கதவைத் திறந்த குடும்பத்தினர், இந்த மாதத்தில் பெட்டியோடு வந்து நிற்கும் மூன்றாவது ஆள் நீங்கள் என்று கூறி அனுப்பிவிட்டனராம். ஈஸ்ட் ஹாமில் தோழியின் தோழி ஒருவர் தங்கியிருந்த அறையில், தரையில் விரித்த போர்வையின் மீது அமர்ந்துதான் அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பகுதி எனக்குப் புதிதன்று. 2010 செப்டம்பரில் நானும் இரண்டு பெட்டிகளோடு அங்கேதான் போய் இறங்கினேன். வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரி வேண்டுமானால் வீடு வேண்டும். வீட்டு உரிமையாளரோ வங்கிக் கணக்கு விவரம் கேட்டார். இந்த வட்டத்தைச் சுற்றிவரவே மூன்று வாரங்கள் ஆயின. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மளிகைக் கடை வைத்திருந்த இலங்கைத் தமிழர் ஒருவர், "தம்பி, காசைப் பிறகு தாரும்" என்று ஐந்து கிலோ அரிசியை எடுத்துக் கொடுத்தார். அகதியாக வந்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்துக் கடை போட்டவர் அவர். அயல்நாட்டுக்கு வரும் தமிழ்நாட்டு மாணவரின் முதல் மாதத்தைத் தாங்குவது, இன்றளவும், எந்த அரசோ பல்கலைக்கழகமோ அன்று. இப்படிப்பட்ட முகமறியாத மனிதர்கள்தாம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியிருப்பது தொகைகளே. லண்டனில் படிக்க நுழைவு இசைவு கோருவோர், மாதத்துக்கு 1,483 பவுண்டு வீதம் 9 மாதங்களுக்கான வாழ்க்கைச் செலவு, அதாவது 13,347 பவுண்டு, தம்மிடம் உள்ளது என்று காட்ட வேண்டும் என்பது 2025 தொடக்கத்தில் இருந்த விதி. நவம்பரில் அந்த மாதத் தொகை 1,529 ஆக உயர்ந்தது. இதைத் தவிர, மருத்துவத்துக்கென ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளப்படுகிறது. ஆனால் செலவுத் தொகை 28 நாள்கள் கணக்கில் இருந்தால் போதும். வட்டிக்கு வாங்கி 28 நாள்கள் வைத்திருந்து, இசைவு கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடும் குடும்பங்களை நான் அறிவேன். காகிதத்தில் உள்ள பணத்தைக் கொண்டு மாணவர் விமானம் ஏறுகிறார். கையில் உள்ள பணத்தைக் கொண்டு வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது.

"பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம்" என்பது ஆலோசனை நிறுவனங்கள் வழக்கமாகக் கூறும் ஆறுதல். கணக்குப் பார்ப்போம். பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். 21 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு 2025 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. ஒரு வாரமும் விடாமல் உழைத்தாலும் மாதத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,058 பவுண்டுதான் அப்போது கிட்டியது. லண்டனில் உயிர்வாழ இன்னது தேவை என்று அந்நாட்டு அரசே வகுத்த தொகையை, அதே அரசு அனுமதிக்கும் உழைப்பால் ஈட்ட முடியாது. இந்த இடைவெளியில்தான், கணக்கில் வராத ரொக்கக் கூலிக்கு, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே ஆள் தேடுவோர் நுழைகின்றனர். அவர்களுள் நம்மவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இவையெல்லாம் ஓரளவு பேசப்பட்டவையே. பேசப்படாத இழப்பு வேறொன்று உண்டு. பிரிட்டனின் பெரிய நிறுவனங்கள் பலவும் பட்டதாரிகளுக்கான அடுத்த ஆண்டு வேலைக்கு விண்ணப்பங்களைப் பெறுவது செப்டம்பர் முதல் நவம்பர் வரையில். ஓராண்டுப் படிப்புக்கு வருபவருக்கு அது வந்திறங்கும் காலம். உள்ளூர் மாணவர் தன் விவரக் குறிப்பைச் செம்மை செய்துகொண்டிருக்கும் அதே நாள்களில், நம் மாணவர் அறை தேடி பேருந்தில் அலைகிறார். அவருக்கு வீடு அமைந்து, கணக்குத் தொடங்கி, பனிக்காலத்து இருளும் பழகி நிமிரும்போது முதன்மையான வாய்ப்புகள் மூடப்பட்டிருக்கும். 30 லட்சம் ரூபாய் கடனின் பயன், அந்த ஆறு வாரங்களில் பாதி தீர்ந்துவிடுகிறது என்பது என் துணிபு.

விதிகளின் நாள்கணக்கு இதைவிடக் கொடியது. நான் படித்த காலத்தில், படிப்பு முடிந்தபின் இரண்டாண்டுகள் வேலை பார்க்க அனுமதி இருந்தது. 2012 ஏப்ரலில் அதை மூடினர். என் தேர்வு முடிவு 2011 டிசம்பரில் வந்ததால் தப்பினேன். எனக்கு ஓராண்டு பின்னால் வந்தவர்கள், அதே கட்டணத்தைச் செலுத்தியும், வெறுங்கையோடு திரும்பினர். 2021 ஜூலையில் அக்கதவு மீண்டும் திறந்தது. இப்போது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதங்களாகச் சுருங்குகிறது. என் மாணவியின் ஆய்வேடு 2026 செப்டம்பரில் முடியும். வெற்றி பெற்றார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பின்னரே அவர் விண்ணப்பிக்க இயலும். முடிவு டிசம்பருக்குள் வந்தால் இரண்டாண்டு. சில வாரங்கள் தாமதித்தாலோ, ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொன்னாலோ ஒன்றரை ஆண்டு. அதற்குப்பின் தங்க வேண்டுமானால் திறன்மிகு பணியாளர் இசைவுக்கு 41,700 பவுண்டு, புதிதாகப் பணியில் நுழைவோருக்கு 33,400 பவுண்டு ஆண்டு ஊதியம் தரும் நிறுவனம் வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் குடிவரவை வரையறுக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு விதியை நம்பிக் கட்டணம் செலுத்தியவருக்கு வேறொரு விதியைப் பொருத்துவதுதான் உறுத்துகிறது.

நம் பக்கத்தில் நிலைமை என்ன? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். மாணவரை அனுப்பும் ஆலோசனை நிறுவனங்களுக்கு அத்தகைய தேசியப் பதிவு கிடையாது. சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகுத் தொகை வழங்குகிறது. மாணவர் வகுப்பில் சேர்ந்ததும் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. வங்கியும் அப்படியே. என் மாணவியின் கல்விக் கட்டணம் உரிய நாளில் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. வாழ்க்கைச் செலவுக்கான தவணையோ லண்டனில் அவர் பெயரில் கணக்குத் தொடங்கிய பின்னரே வரும் என்று கிளையில் கூறிவிட்டனர். 2010-இல் நான் சுற்றிய அதே வட்டம்! ஈடாக வைக்கப்பட்டிருப்பது மணிகண்டத்தில் அவருடைய தந்தை கட்டிய வீடு.

அம்பேத்கர் 1916-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் மறு ஆண்டே படிப்பை இடைநிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பணம் சேர்த்து, 1920-இல் மீண்டும் சென்றுதான் அதை முடித்தார். அவருடைய பெயரால் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்குவது போற்றத்தக்கது. அந்தத் திட்டத்திலேனும், முதல் இரு மாத வாழ்க்கைச் செலவு விமானம் ஏறும் முன்பே மாணவர் கைக்கு வந்து சேர்வதை உறுதிசெய்தால், மற்ற வங்கிகளிடமும் அதைக் கேட்க நமக்கு ஒரு முன்மாதிரி கிடைக்கும்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்கவும் நியாயம் இருக்கிறது. உள்நாட்டு இளநிலை மாணவருக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு, அயல்நாட்டவருக்கு இல்லை. அந்த வருவாயில் சிறு பகுதியைக் கொண்டு, சேர்க்கைக் கடிதத்தோடு முதல் மாதத்துக்கு ஒரு கட்டிலையும், வாடகைக்குப் பிணையாளாக நிற்கும் உறுதியையும் தர முடியாதா? பிரிட்டனில் பிணையாள் இல்லாதவர்களிடம் ஆறு மாத வாடகையை முன்னதாகவே கேட்பது வழக்கமாக இருந்தது. 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்குவதைத் தடுக்கிறது. நல்ல சட்டமே. ஆயினும் தனியார் மாணவர் விடுதிகளுள் பல இதன் வரம்புக்குள் வருவதில்லை. முன்பணம் வாங்க இயலாத வீட்டு உரிமையாளர், பிணையாள் இல்லாத அயல்நாட்டு மாணவருக்குக் கதவையே திறக்காமல் போகக்கூடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

புறப்படவிருக்கும் மாணவர்களிடம் நான் இப்போது கூறுவது சிலவே. நேரில் பாராத அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள்; முதல் வாரத்துக்கு மட்டும் பல்கலைக்கழகத்தின் வழியே இடம் கேளுங்கள். முன்வைப்புத் தொகை பெரும்பாலும் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதை 30 நாள்களுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்துவது உரிமையாளரின் கடமை. அருகிலுள்ள பொது மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை. காய்ச்சல் வரும்வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள், அதற்கான பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைத்தார்கள். மறுநாள் என் மாணவி எழுதியிருந்தார். இருவர் பகிரும் அறை, மாதம் 450 பவுண்டு, உரிய ஒப்பந்தத்தோடு கிடைத்திருக்கிறது. மருத்துவரிடம் பதிந்தாயிற்று. வேலைக்கு இரண்டு விண்ணப்பங்கள் அனுப்பியாயிற்று. நவம்பர் முதல் வாரத்தோடு மூடப்படுபவை இன்னும் நான்கு. தொலைந்துபோன 600 பவுண்டைப் பற்றி அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லையாம்.