முப்பது ஆண்டுக் குடித்தனம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி வைத்திருக்கும் நாம், அதே ஆமையை இப்போது வாஸ்து என்ற பெயரில் காசு கொடுத்து வீட்டுக்குள் அழைத்து வருகிறோம். ஆமையால் வீடு உருப்படுமா என்பது இருக்கட்டும். அந்த வீட்டில் ஆமை உருப்படுமா என்று யாரும் கேட்பதில்லை. வண்ணமீன் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சிவப்புச்செவி ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. குஞ்சு, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அதை விட்டு வளர்க்க, பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட ஒரு டப்பாவையும் சேர்த்து விற்கிறார்கள். பெண் ஆமை வளர்ந்தால் ஓடு மட்டுமே 25 முதல் 30 செ.மீ. வரை நீளும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20, 30 ஆண்டுகள் இருக்கும். தென்னைமர டப்பா ஒரு வருடத்துக்குக்கூடக் காணாது. ஏற்கெனவே ஆமையை வாங்கிவிட்டவர்கள் பழைய பெரிய மீன்தொட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துச் செப்பனிட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு இடமும் பொறுமையும் இல்லாதவர்கள் ஆமை வாங்கவே கூடாது என்பதும் அதே கட்சியின் மறுபாதி.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அமெரிக்க ஆமை வளர்ப்பவர்களின் பழகிய கணக்கு. பத்து அங்குலப் பெண் ஆமைக்கு 380 லிட்டர். நம் வீடுகளில் பெரிய தொட்டி என்று பெயர் வாங்கிய நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 255 லிட்டர்தான் பிடிக்கும். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் 680 லிட்டர். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 450 லிட்டர். ஆமைக்கு அதுதான் அளவு. புதிதாகச் செய்யச் சொன்னால் விலையைக் கேட்டுப் பின்வாங்குபவர்களே அதிகம். ஆனால் மீன் வளர்ப்பில் ஆசை தீர்ந்தவர்களின் மொட்டைமாடியிலும் மாடிப்படிக்கு அடியிலும் இதே அளவுத் தொட்டிகள் தூசி படிந்து கிடக்கின்றன. வீடு மாறும்போது யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிடுவார்கள்.

பழைய தொட்டி ஒழுகும், ஒருநாள் உடைந்து வீடெல்லாம் வெள்ளமாகும் என்பது முதல் ஆட்சேபம். நியாயமான பயம். ஆனால் இந்த விஷயத்தில் ஆமை நமக்குச் சாதகம். கண்ணாடியின் மேல் தண்ணீர் தரும் மொத்த அழுத்தம் ஆழத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 24 அங்குலம் நிற்க வேண்டிய இடத்தில் 16 அங்குலம் நின்றால், பக்கக் கண்ணாடி தாங்கும் பாரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மீனுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய தொட்டி ஆமைக்கு உதவுவது இதனால்தான். அதற்காக மேலே ஒட்டாகப் பூசி ஒப்பேற்றக் கூடாது. புதிய சிலிக்கான் பழைய சிலிக்கானின் மேல் பிடிக்காது. உள்மூலைகளில் உள்ள பழைய பசையை பிளேடால் முழுக்கச் சுரண்டி, கண்ணாடியைத் துடைத்து எண்ணெய்ப்பசை போக்கி, எல்லா மூலைகளுக்கும் ஒரே மூச்சில் புதிதாகப் பூச வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் ஆகவே ஆகாது. அதில் கலந்திருக்கும் மருந்து தண்ணீரில் இறங்கும். பூசியதும் காடி நெடி அடிக்கும். அது அடங்க ஒரு வாரம் விடலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விட்டுப்போன வெள்ளை உப்புக்கறைக்கு வினிகர் போதும். பிறகு வெளியே சமதளத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, இரண்டு நாள் பார்க்க வேண்டும். அடிக்கண்ணாடியில் விரிசல் இருந்தாலோ, ஆமையை எடுக்க வசதி என்று யாராவது மேல்குறுக்குக் கண்ணாடியைப் பெயர்த்திருந்தாலோ அந்தத் தொட்டியைத் தொடாதீர்கள். இன்னொன்று: 450 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 450 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் அதற்கு மேல். மாடி வீட்டில் கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வைப்பது, அடியில் தெர்மாகோல் விரிப்பது எல்லாம் மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

தொட்டி ஒழுகாமல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிக ஆமைகளைக் கொல்கிறார்கள். மீனுக்குத் தண்ணீர் போதும். ஆமைக்கு ஏறி முழுதும் உலர்ந்து கிடக்க ஒரு மேடை வேண்டும். அந்த மேடையில் 30 டிகிரிக்கு மேல் சூடும், புற ஊதாக் கதிரும் விழ வேண்டும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். சன்னலோரம் வெயில் வருகிறதே என்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். வெயிலில் வைத்த தொட்டி ஆமைக்குக் கொதிகலன். நம் ஊரில் இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது: காலை வெயிலில், பாதி நிழல் விழும் அகலத் தொட்டியில் அரைமணி நேரம் விடுவது. தினமும் அதைச் செய்ய முடியாதவர்களுக்குத்தான் புற ஊதா விளக்கு. அதுவும் எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் வீரியம் இழக்கும். மின்கட்டணம் இரண்டாவது ஆட்சேபம். 30 வாட் ஃபில்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 22 யூனிட். விளக்குகள் எல்லாம் சேர்ந்து 100 வாட்டில் தினமும் பத்து மணி நேரம் எரிந்தால் 30 யூனிட். தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை ஆமையே குடித்துவிடும். இந்தக் கணக்கைக் குஞ்சு வாங்கும்போதே கடைக்காரர் சொன்னால் பாதிப் பேர் கிளிஞ்சல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்பது மூன்றாவது வாதம். மிக மோசமான வாதமும் இதுதான். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வல்லுநர்கள் வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியைத் தடுத்தது. குளத்தில் விட்டால் நம் பால் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் நீர்நிலைகளில் இது தென்படத் தொடங்கியதும், வளர்க்க முடியாதவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் முன்வந்தது. தமிழகத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். பழைய தொட்டிகளுக்கு அங்கேயும் வேலை இருக்கும்.

தொட்டியைப் பற்றிப் பேசுவதே ஆமை வியாபாரத்துக்கு விளம்பரம் என்று சிலர் சொல்லக்கூடும். டப்பாவில் இறக்கும் ஆமைதான் வியாபாரத்துக்கு லாபம். ஒன்று செத்தால் இன்னொன்று விற்கும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புப் பிராணியாக விற்க 1975ல் தடை வந்தது, குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்றியதால். ஆமைத் தொட்டியில் கை விட்டவர் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். சொல்லிவிட வேண்டிய இன்னொரு சங்கதி: இத்தனையும் சிவப்புச்செவிக்கு மட்டும். பால் ஆமையையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தொட்டி எவ்வளவு பெரிதானாலும்.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒரு மூலை. பெண் ஆமை ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டு நோயில் விழும், சாகவும் செய்யும். ஆறடித் தொட்டியின் விளிம்பில், ஈரமணல் ஓர் அடி ஆழம் நிற்கும் ஒரு பெட்டியும், அதற்கு ஏறிப்போக ஒரு சரிவுப் பலகையும் பொருத்த வேண்டும். கண்ணாடியே தேவையில்லை, பழைய மரப்பெட்டி போதும்.