ஒயிட்ஹேவன் சுரங்கம்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ஒயிட்ஹேவன் நகரில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1986-ஆம் வருஷத்தில் மூடப்பட்டது. அங்கே கடலுக்கடியிலிருந்து உருக்காலைகளுக்குரிய கரியைத் தோண்ட அனுமதி வேண்டுமென்று ஒரு கம்பெனி 2017-இல் மனுச் செய்துகொண்டது. சுமார் 500 பேருக்கு வேலை கிடைக்குமென்றும் சொல்லிற்று.

பிறகு நடந்த கூத்தைக் கவனியுங்கள். கம்ப்ரியா ஜில்லா சபை 2019-இல் சம்மதித்தது. 2020-இல் மறுபடியும் விவாதித்துச் சம்மதித்தது. லண்டன் மந்திரி 2021 ஜனவரியில் தாம் தலையிடுவதில்லை என்றார்; மார்ச்சில் அவரே தலையிட்டார்! 2022 டிசம்பரில் வேறொரு மந்திரி அனுமதியளித்தார். 2024 செப்டம்பரில் ஹைகோர்ட் அதை ரத்துச் செய்தது. 2025-இல் கம்பெனியார் மனுவையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

தோண்டிய கரியை எரிப்பதால் விளையும் கேட்டை மந்திரி சட்டப்படி கணக்கில் எடுக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு நியாயமானதே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் கரி எரிந்தால் புகையும் என்பது 2017-இல் தெரியாத சங்கதியா? அன்றே முடியாதென்று சொல்லியிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? வேலையை நம்பிக் காத்திருந்த வாலிபர்கள் வேறு பிழைப்புத் தேடியிருப்பார்கள். எதிர்த்தவர்களுக்கு வழக்குச் செலவாவது மிஞ்சியிருக்கும். இரு கட்சியாரும் ஏழு வருஷம் அலைக்கழிக்கப்பட்டார்கள். மந்திரிகளோ இலாகாவை விட்டுச் சௌக்கியமாய்ப் போய்விட்டார்கள். மந்திரி தம் கைக்கு எடுத்துக்கொள்ளும் மனுவுக்கு மீறமுடியாத கெடு ஒன்றைச் சட்டத்திலேயே விதிக்க வேண்டும்.